விதைப்பை ஸ்கேன்: பிரதேச வைத்தியசாலையில் எதுவரை பார்க்கலாம்?

கேள்வி: பனிமலை (மருத்துவ அதிகாரி, நுவரெலியா மாவட்டம்)

வணக்கம். மலையகத்துப் பிரதேச வைத்தியசாலை ஒன்றில் பணியாற்றுகிறேன். எங்களிடமுள்ள அல்ட்ராசவுண்ட் இயந்திரம் கர்ப்பிணித் தாய்மாரைப் பார்ப்பதற்கென வந்தது. அண்மையில் அதற்கு நேர்கோட்டுப் புரோப் (தோலில் வைத்துப் பார்க்கும் கருவி) ஒன்றும் கிடைத்ததால், கழுத்து, மூட்டு, விதைப்பை போன்ற தோலுக்கு அண்மையிலுள்ள பகுதிகளையும் பார்க்க முடிகிறது. இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டொப்ளர் வசதியும் உண்டு. ஆனால் கதிரியக்க விசேட வைத்திய நிபுணர் எங்களிடம் இல்லை. முறையான ஸ்கேன் தேவையென்றால் டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ நாவலப்பிட்டிக்கோ அனுப்ப வேண்டும். நாட்சம்பளத்துக்குக் கவ்வாத்து வெட்டுபவரும், மரக்கறித் தோட்டத்தில் மருந்தடிப்பவரும் ஒருமுறை அனுப்பினால் போவார்கள். திகதி கொடுத்துத் திரும்பி வரச் சொன்னால் பலர் போவதில்லை. ஆகவே, யாரை அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாம், யாரை அன்றே அனுப்ப வேண்டும் என்பதை நான் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

விதைப்பைத் தொல்லையோடு வருபவர்களில் பெரும்பாலோர் பல வருடங்களாக வீக்கத்தைச் சாரத்துக்குள் மறைத்து வைத்திருந்த நடுவயதினர். குழந்தை இல்லையென்று வரும் இளம் கணவர்கள் சிலர். எண்ணிக்கையில் குறைந்தாலும் என்னைக் கூடுதலாகக் கவலைப்படுத்துபவர்கள், திடீர் வலியோடு இரவில் கொண்டுவரப்படும் பாடசாலை மாணவர்கள்.

எனது கேள்விகள் இவை. ஒரு விதைப்பை ஸ்கேனை எந்த ஒழுங்கில் செய்தால் முக்கியமான எதுவும் தவறாது? நீர்க்கோவை, நரம்பு வீக்கம் (இரத்த நாளங்கள் விரிதல்), கிருமித்தொற்று, கட்டி ஆகியவற்றைப் படத்தில் எவ்வாறு பிரித்தறிவது? வலியோடு வரும் சிறுவனின் விதையில் டொப்ளர் இரத்த ஓட்டத்தைக் காட்டினால், அவனைக் காலைவரை விடுதியில் வைத்துக் கவனிக்கலாமா?

மறுமொழி 1: கதிர்நிலா (கதிரியக்கப் பிரிவு)

வணக்கம் டொக்டர். உங்கள் மூன்றாவது கேள்விக்குச் சத்திரசிகிச்சைப் பிரிவைச் சேர்ந்தவர்கள் பதில் சொல்வதே பொருத்தம். முதல் இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் நிலையில் செய்யப்படும் ஸ்கேன் எல்லா நோய்க்கும் பெயர் சூட்ட வேண்டியதில்லை. விரலுக்குத் தட்டுப்படுவது விதைக்குள் இருக்கிறதா, விதைக்கு வெளியே இருக்கிறதா என்ற ஒரே கேள்விக்கு அது உறுதியாகப் பதில் சொன்னால், வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும். விதைக்கு வெளியே, எபிடிடிமிஸிலோ (விதையை ஒட்டிய விந்துக் குழாய்ச் சுருள்) விந்து நாணிலோ (விதைக்கு இரத்தக் குழாய்களைக் கொண்டுவரும் தண்டு) உறைகளுக்கு இடையிலோ இருப்பவை பெரும்பாலும் தீங்கற்றவை. விதைக்குள் இருக்கும் திண்மையான கட்டியை, வேறு ஏதோ என்று நிரூபிக்கப்படும்வரை, புற்றுநோயாகவே கருத வேண்டும். தற்செயலாகக் கண்ணில் படும், விரலுக்கே தட்டுப்படாத மிகச் சிறிய புள்ளிகளில் தீங்கற்றவையும் கணிசமாக உண்டு. ஆனால் அதைத் தீர்மானிக்கும் இடம் உங்கள் அறை அல்ல.

இனிச் செய்முறை. 7 முதல் 15 மெகாஹேர்ட்ஸ் வரையான நேர்கோட்டுப் புரோப் போதும். நோயாளரை மல்லாக்கப் படுக்கவைத்து, தொடைகளுக்கு இடையே மடித்த துவாயை வைத்து விதைப்பையைத் தாங்கச் செய்யுங்கள். நுவரெலியாக் குளிரில் இன்னொன்றும் அவசியம்: ஜெல் போத்தலை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, அறையின் ஜன்னலையும் சாத்திவிடுங்கள். குளிர்ந்த ஜெல் பட்டவுடன் கிரிமாஸ்டர் தசை சுருங்கி, விதை மேலே ஏறிவிடும், விதைப்பைத் தோல் தடித்துத் தோன்றும், படம் கெடும். நோகாத பக்கத்தை முதலில் பாருங்கள். அந்தப் பக்கத்தில்தான் இயந்திரத்தின் அமைப்புகளைச் சரிசெய்ய வேண்டும். பிறகு அதே அமைப்புகளோடு நோகும் பக்கத்துக்குச் செல்ல வேண்டும். இரண்டு விதைகளையும் ஒரே குறுக்குவெட்டுப் படத்தில் அருகருகே காட்டும் ஒரு படம் கட்டாயம் வேண்டும். எத்தனையோ அறிக்கைகளில் இல்லாமற்போவது அந்த ஒரு படம்தான். எதிரொலியிலோ (படத்தில் தெரியும் வெண்மையின் அளவு) இரத்த ஓட்டத்திலோ உள்ள சிறு வித்தியாசம் அதில்தான் கண்ணில் படும்.

வளர்ந்த ஆணின் விதை 3 முதல் 5 சென்ரிமீற்றர் நீளமுடையது. உட்புறம் முழுவதும் ஒரே சீரான நடுத்தர எதிரொலி இருக்கும். அதைச் சுற்றி விதையின் உறையான டியூனிகா அல்புஜினியா மெல்லிய வெண்கோடாகத் தெரியும். விதையின் ஓர் ஓரமாக நீளவாக்கில் செல்லும் வெண்பட்டை மீடியாஸ்டினம். புதிதாகப் பார்ப்பவர்கள் சிலவேளை அதைத் தழும்பு என்று எழுதிவிடுகிறார்கள். விதையின் மேல்முனையில் தொப்பியைப் போல அமர்ந்திருப்பது எபிடிடிமிஸின் தலை. அது ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிமீற்றர் அளவுடையது. உடற்பகுதியும் வாலும் மிக மெலிந்தவை. நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் பெருக்கி 0.71 ஆல் மீண்டும் பெருக்கினால் கனவளவு மில்லிலீற்றரில் கிடைக்கும். பல இயந்திரங்கள் 0.52 என்ற எண்ணைத் தாமாகவே பயன்படுத்துவதால், அவை காட்டும் கனவளவு இதைவிடக் குறைவாக இருக்கும். ஒரே நோயாளரை வெவ்வேறு இடங்களில் அளந்து, விதை சுருங்கிவிட்டது என்று எழுதுவதற்குமுன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

நீர்க்கோவை எளிதானது. விதையைச் சூழ்ந்த டியூனிகா வஜைனாலிஸ் உறையின் இரு படைகளுக்கு இடையே கருமையான நீர் நின்று, விதையை முன்புறமாகவும் பக்கவாட்டிலும் சூழ்ந்திருக்கும். விதை பின்புறச் சுவரோடு ஒட்டியபடி இருக்கும். நாட்பட்ட நீர்க்கோவையில் மிதக்கும் நுண்ணிய துகள்கள் கொலஸ்ட்ரோல் படிகங்களாக இருக்கலாம். அவை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். காய்ச்சலும் வலியும் இருக்க, நீருக்குள் தடுப்புகளும் கலங்கலும் காணப்பட்டால் சீழ் என்று எண்ண வேண்டும். அடிபட்ட வரலாறு இருந்தால் இரத்தம். இளைஞர் ஒருவருக்குப் புதிதாக நீர்க்கோவை தோன்றினால், அந்த நீரை விட்டுவிட்டு விதையையே முழுமையாகப் பாருங்கள். விதைப் புற்றுநோயும் எதிர்வினையாக நீரை உண்டாக்கும். கைக்கு எட்டாத விதையைக் காட்டுவதுதான் அங்கே ஸ்கேனின் உண்மையான பயன்.

நீர்க்கோவையை உண்டாக்கக்கூடிய யானைக்கால் நோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கையில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாது ஒழிக்கப்பட்டதை உலக சுகாதார அமைப்பு 2016 இல் உறுதிப்படுத்தியது. நோய் பரவியிருந்த மாவட்டங்கள் மேல், தென், வடமேல் மாகாணங்களைச் சேர்ந்தவை. மலையகம் அதற்கு வெளியே இருந்தது. ஆயினும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்பிலும் கம்பஹாவிலும் வருடக்கணக்கில் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் இருந்துவிட்டு வருகிறார்கள். விரிந்த நிணநீர்க் குழாய்களுக்குள் நெளிந்து துடிக்கும் மெல்லிய கோடுகளை நேரடிப் படத்தில் கண்டால், அது உயிருள்ள புழு. நிறுத்திய படத்தில் அது தெரியாது. எனவே சிறு வீடியோவாகப் பதிவுசெய்து அனுப்புங்கள்.

எபிடிடிமிஸின் தலையிலுள்ள நீர்க்கட்டிகளை அன்றாடம் காண்பீர்கள். விதையிலிருந்து அவை தனித்து நிற்பதைப் படத்தில் காட்டிவிட்டால், தொல்லை கொடுக்காதவற்றுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

வெரிகோசீல் எனப்படும் நரம்பு வீக்கத்தைப் படுத்திருக்கும் நோயாளரில் மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அவரை எழுந்து நிற்கச் செய்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லுங்கள். விந்து நாணைச் சூழ்ந்த நாளங்கள் 3 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் விரிந்து, பின்னோக்கிய ஓட்டம் 2 வினாடிக்கு மேல் நீடித்தால் அது வெரிகோசீல். பெரும்பான்மையானவை இடப்பக்கத்திலேயே ஏற்படும். இடது விதை நாளம் இடது சிறுநீரக நாளத்தில் செங்கோணமாகச் சென்று சேர்வது அதற்கு ஒரு காரணம். வலப்பக்கத்தில் மட்டும் தோன்றினாலோ, படுத்த பின்னும் நாளங்கள் சுருங்காவிட்டாலோ, நடுவயதில் திடீரென உருவானாலோ, அதே இருக்கையில் வளைந்த புரோப்பை எடுத்துச் சிறுநீரகங்களையும் பெருநாடியைச் சூழ்ந்த பகுதியையும் பாருங்கள். அங்கே ஒரு கட்டி நாளத்தை அழுத்திக்கொண்டிருக்கலாம்.

குடலிறக்கம் விதைப்பைக்குள் இறங்கியிருந்தால், கவட்டிலிருந்து தொடர்ச்சியாக வரும் கொழுப்பையோ, தானாக அசையும் குடலையோ காண்பீர்கள். வீக்கத்தின் மேல் எல்லையை விதைப்பைக்குள்ளேயே காட்ட முடியாவிட்டால் புரோப்பைக் கவட்டுக்கு நகர்த்துங்கள்.

கிருமித்தொற்றில் எபிடிடிமிஸ், குறிப்பாக அதன் வால், தடித்து, எதிரொலி குறைந்து, டொப்ளரில் நிறம் நிறைந்து காணப்படும். விதையும் சேர்ந்து வீங்கலாம். கூகைக்கட்டு வந்து சில நாட்களில் விதை மட்டும் வீங்கினால் அதை வைரஸ் அழற்சியாகக் கொள்ளலாம். நமது தேசிய தடுப்பூசித் திட்டத்தில் கூகைக்கட்டையும் தடுக்கும் எம்எம்ஆர் ஊசி 2011 இல்தான் சேர்க்கப்பட்டது என்பதால், அதற்கு முன் பிறந்தவர்களில் அது இன்னும் வரக்கூடும். மருந்து கொடுத்தும் வாரக்கணக்கில் குறையாத, அதிகம் வலிக்காத, சீரற்ற தடிப்பு எபிடிடிமிஸில் இருந்தால் காசநோயை நினையுங்கள். தோலில் புண்வாய் திறந்திருந்தால் மார்பு நோய் கிளினிக்குக்குக் கடிதம் எழுதத் தாமதிக்க வேண்டாம்.

கட்டியைப் பொறுத்தவரை, செமினோமா என்ற விதைப் புற்றுநோய் பெரும்பாலும் சீரான, எதிரொலி குறைந்த, எல்லை தெளிவான திணிவாக இருக்கும். ஏனைய கருவணுக் கட்டிகளில் நீர்ப்பகுதியும் சுண்ணப் படிவும் கலந்து குழம்பியிருக்கும். இரண்டையும் நீங்கள் பிரித்தறிய வேண்டியதில்லை. 15 முதல் 35 வயதுவரையான ஆண், வலியில்லாத கடினம், விதைக்குள் திணிவு என்ற மூன்றும் சேர்ந்தால் அன்றைய தினமே தொலைபேசியை எடுங்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் இரு பக்கமும் விதை பெரிதாகி எதிரொலி குறைந்திருந்தால் லிம்போமாவை (நிணநீர்ப் புற்றுநோய்) மறக்க வேண்டாம். கிருமித்தொற்று என்று நினைத்து மருந்து கொடுத்த எவரையும், சில வாரங்களின் பின் மீண்டும் ஸ்கேன் செய்து விதை பழைய சீருக்குத் திரும்பியதை உறுதிப்படுத்துங்கள். அழற்சியின் போர்வையில் கட்டி ஒளிந்திருக்கக் கூடும்.

மறுமொழி 2: ஊவாக்காரன் (சத்திரசிகிச்சைப் பிரிவு)

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில்: வைத்துக்கொள்ள வேண்டாம்.

விதை முறுக்கம், அதாவது விந்து நாண் முறுக்கிக்கொண்டு விதைக்கான இரத்தம் தடைப்படுவது, கடிகாரத்தோடு ஓடும் நோய். வலி ஆரம்பித்து 6 மணித்தியாலத்துக்குள் முறுக்கை அவிழ்த்தால் ஏறத்தாழ எல்லா விதைகளையும் காப்பாற்றலாம். 12 மணித்தியாலத்தில் அது பாதியளவுக்குக் குறைகிறது. 24 மணித்தியாலத்தைக் கடந்தால் மிகச் சிலவே மிஞ்சும். மஸ்கெலியாவுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து புறப்பட்டு, ஹற்றன், கினிகத்தேனை வழியாக மழையிலும் பனிமூட்டத்திலும் மலையிறங்கும் நேரத்தை இதிலிருந்து கழித்துப் பாருங்கள். உங்கள் கையில் மிஞ்சுவது ஸ்கேனுக்குச் செலவிடும் நேரமல்ல.

டொப்ளரில் நிறம் தெரிவதை வைத்து ஏன் நிம்மதியடையக் கூடாது என்று கேட்பீர்கள். முறுக்கு ஒரு முழுச் சுற்றை அடையாதபோது இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் நாளங்கள் முதலில் அடைபடும். தமனி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். விதையைச் சூழ்ந்த உறைகளின் இரத்த ஓட்டத்தை விதையினுள் ஓடுவதாக எண்ணிவிடுவதும் உண்டு. எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது, முறுக்கு தானாகவே அவிழ்ந்த நிலை. அப்போது இரத்தம் பெருக்கெடுத்து ஓடி, படம் கிருமித்தொற்றைப் போலவே தோன்றும். விட்டுவிட்டு வலி வந்த வரலாற்றைக் கேட்காதவர் ஆண்டிபயோட்டிக் எழுதி அனுப்புவார்; அதே சிறுவன் சில நாட்களின் பின் செத்த விதையோடு திரும்புவான். பூப்படையும் வயதிலுள்ள சிறுவனுக்கு எபிடிடிமிஸ் அழற்சி என்ற பெயரை இடுவதற்குக் கை தயங்க வேண்டும்.

மறுபக்கத்தில், மிகச் சிறிய பையன்களின் சுகமான விதையிலும் டொப்ளர் எதையும் காட்டாமல் இருக்கலாம். நிற அளவுகோலை மிகக் குறைந்த வேகத்துக்கு இறக்கி, சுகமான பக்கத்தில் நிறம் வருகிறதா என்று பார்த்த பின்பே நோகும் பக்கத்தில் இல்லை என்று சொல்ல வேண்டும்.

ஆம்புலன்ஸ் ஆயத்தமாகும் வேளையில் ஸ்கேன் செய்தே தீருவீர்கள் என்றால், விதையைவிட விந்து நாணைப் பாருங்கள். கவட்டு வளையத்திலிருந்து கீழ்நோக்கிக் குறுக்குவெட்டில் புரோப்பை நகர்த்தும்போது, நாண் திடீரெனச் சுருண்டு சுழியாகத் தோன்றினால் அதுதான் முறுக்கு. விதைக்குள் ஓட்டம் இருந்தாலும் அது முறுக்குத்தான். விதையின் எதிரொலி இன்னும் சீராக இருந்தால் நேரம் இருக்கிறது என்று பொருள். கரும்திட்டுகளாகக் கலைந்திருந்தால் தாமதமாகிவிட்டது. இரண்டு நிலையிலும் சத்திரசிகிச்சை கூடத்துக்கே அனுப்ப வேண்டும்.

ஸ்கேன் இல்லாமலும் தீர்மானிக்கலாம். வீங்கிய விதைக்கு 2, கடினமான விதைக்கு 2, உள்தொடையைத் தடவும்போது விதை மேலெழும் அனிச்சை இல்லாமைக்கு 1, குமட்டல் அல்லது வாந்திக்கு 1, விதை மேலேறி நிற்பதற்கு 1 என்று கூட்டுங்கள். 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஸ்கேனுக்காக ஒரு நிமிடமும் நிறுத்தாமல் அனுப்புங்கள். 3, 4 என்றால் ஸ்கேன் பயன்படும், ஆனால் அதைச் சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கும் இடத்தில் செய்வதே முறை. 2 அல்லது அதற்குக் கீழே என்றால் முறுக்கம் அரிது. அனுப்புமுன் வாயால் எதுவும் கொடுக்காதீர்கள். கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் வலி தொடங்கிய நேரத்தையும் கடிதத்தின் முதல் வரியில் எழுதுங்கள். விடுதிக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வழியில் வலி திடீரென நின்றுவிட்டாலும் வண்டியைத் திருப்பக் கூடாது. முறுக்கு அவிழ்ந்திருந்தாலும் இரு விதைகளையும் தைத்து நிலைநிறுத்த வேண்டும். விதையை முறுக்கிக்கொள்ள விடும் பிறவி அமைப்பு பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும்.

விதையின் மேல்முனையிலுள்ள சிறு ஒட்டுறுப்பு முறுக்கிக்கொள்வதும் உண்டு. அது பெரும்பாலும் 7 முதல் 14 வயதுவரை வரும். விதைக்கு அருகே ஓட்டமற்ற சிறிய உருண்டையும், அதைச் சுற்றிலும் கூடுதல் ஓட்டமும், விதைக்குள் வழமையான ஓட்டமும் தெரியும். அதற்கு வலி நிவாரணி போதும். ஆனால் அந்த முடிவைத் தொலைவிலிருந்து எடுக்காதீர்கள்.

அடிபட்டு வருபவர்களில், விதையின் வெண்ணிற வெளிக்கோடு எங்கேனும் அறுந்து, உள்ளிருப்பது வெளியே பிதுங்கியிருந்தால் விதை கிழிந்துவிட்டது, அன்றே அனுப்புங்கள். நீரிழிவு நோயாளரின் தடித்த விதைப்பைத் தோலுக்குள் வெண்புள்ளிகளும், அவற்றின் கீழ் கலங்கிய நிழலும் தெரிந்தால் அது காற்று, அதாவது அழுகல். அங்கே ஸ்கேனை அத்தோடு நிறுத்திவிடலாம்.

கதிர்நிலா அவர்களைப் போன்ற கதிரியக்கப் பிரிவினர் கண்டதையெல்லாம் கடிதத்தில் எழுதச் சொல்வார்கள்; அதில் எனக்கு ஓர் இடத்தில் உடன்பாடில்லை. வலியோடு வரும் சிறுவனின் ஸ்கேனில் இரத்த ஓட்டம் இருக்கிறது என்ற வரியைப் பிரதேச வைத்தியசாலைக் கடிதத்தில் எழுதவே கூடாது என்பது என் கருத்து. பெற்றுக்கொள்ளும் இளம் வைத்தியர் அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு, பையனை வரிசையில் பின்னுக்குத் தள்ளுவார்.

மறுமொழி 3: பழைய டிஸ்பென்சர் (ஓய்வுபெற்ற தோட்ட வைத்திய உதவியாளர்)

டொக்டர்மார் இருவருக்கும் வணக்கம். படங்களைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஸ்கேனுக்கு வந்து சேருமுன் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) நடப்பதைச் சொல்கிறேன்.

பதினான்கு, பதினைந்து வயதுப் பையன் தாயிடம் இந்த வலியைச் சொல்லமாட்டான். வயிறு வலிக்கிறது என்றுதான் சொல்வான். கூடவே வாந்தியும் எடுப்பான். தாய் ஓமத்தண்ணீர் கொடுப்பாள், விடிந்ததும் டிஸ்பென்சரியில் காஸ்ட்ரைட்டிஸ் மாத்திரை வாங்குவாள். அந்த வலி உண்மையாகவே அடிவயிற்றில் உணரப்படுவதும் உண்டென்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். ஆகவே வயிற்று வலியோடு வரும் எந்தப் பையனையும், தாயை வெளியே அனுப்பிவிட்டு, சாரத்தையோ காற்சட்டையையோ இறக்கிப் பார்க்காமல் விடக்கூடாது.

வலி எப்போது ஆரம்பித்தது என்று மணிக்கணக்கில் கேட்டால் சரியான பதில் வராது. ஆலைச் சங்கு ஊதுமுன்னா, பின்னா, பெரட்டுக்கு (காலை வேலைக்கு ஆள் பதியும் இடத்துக்கு) தகப்பன் போகும்போது பையன் எழுந்திருந்தானா என்று கேளுங்கள். நேரம் அரை மணித்தியாலத் துல்லியத்தில் கிடைத்துவிடும். இரவில் வண்டிக்காகத் தோட்டத்து லொறியைத் தேடி அலையாமல் 1990 என்ற ஆம்புலன்ஸ் இலக்கத்தை அழைக்கும்படி எல்லா லயத்திலும் சொல்லி வையுங்கள்.

இன்னுமொன்று. மார்கழிக் குளிரில் கைக்குழந்தையைப் பார்த்துவிட்டு, விதை இறங்கவில்லை என்று பெற்றோரைப் பயமுறுத்துவது நடக்கிறது. தாயின் மடியில், வெதுவெதுப்பான போர்வைக்குள் வைத்துப் பார்த்தால் பாதிக் குழந்தைகளுக்கு அது இறங்கியே இருக்கும்.

மறுமொழி 4: பனிமலை

மூவருக்கும் நன்றி. டிஸ்பென்சர் ஐயா சொன்ன சங்குக் கணக்கை நான் உடனே பின்பற்றப்போகிறேன்.

என்னிடமுள்ள இரண்டு படங்களைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். ஒருவர் அறுபதைக் கடந்தவர். சிறுநீர்த் தடைக்காக வந்தவர். அவருக்கு இரு விதைகளிலும், மீடியாஸ்டினத்தை ஒட்டி, நிறையச் சின்னஞ்சிறு கருங்குழாய்கள் தெரிகின்றன. டொப்ளரில் நிறமில்லை. விதை மென்மையாகவே இருக்கிறது. எபிடிடிமிஸில் நீர்க்கட்டிகளும் உண்டு. இதைக் கட்டி என்று அனுப்புவதா? மற்றவர் குழந்தைப்பேறு இல்லையென்று வந்த இளைஞர். இடப்பக்கத்தில் வெரிகோசீல் உள்ளது. இடது விதை 12 மில்லிலீற்றருக்குக் குறைவு. இரு விதைகளிலும் நிழல் விழாத வெண்புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன.

மறுமொழி 5: கதிர்நிலா

முதலில் ஊவாக்காரன் அவர்களுக்கு. வரியை எழுதாமல் விடுவதை நான் ஏற்கவில்லை. கண்டதை எழுதுவதே ஸ்கேன் செய்தவரின் கடமை. ஆனால் நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மை. ஆகவே, ஸ்கேன் செய்த நேரம், நாண் தெரிந்ததா இல்லையா என்பது, பகுதியளவு முறுக்கத்தை இந்தப் பரிசோதனையால் விலக்க முடியாது என்பது ஆகிய மூன்றையும் எழுதிய பிறகே ஓட்டத்தைப் பற்றிய வரி வரட்டும் என்று மாற்றிக்கொள்கிறேன்.

பெரியவரின் படம், நீங்கள் விவரிக்கும் விதத்தில், ரீட் டெஸ்டிஸ் எனப்படும், விதைக்குள் விந்தைக் கொண்டுசெல்லும் நுண்குழாய்களின் விரிவாக்கமாகவே தோன்றுகிறது. விந்து வெளியேறும் பாதை எங்கோ தடைப்பட்டு, பின்னாலுள்ள குழாய்கள் விரிந்திருக்கின்றன. ஐம்பதைத் தாண்டிய வயது, மீடியாஸ்டினத்தை ஒட்டிய இடம், பெரும்பாலும் இரு பக்கமும் இருத்தல், எபிடிடிமிஸில் நீர்க்கட்டிகள், இரத்த ஓட்டமின்மை ஆகியவை சேர்ந்து வந்தால் சிகிச்சையும் வேண்டாம், சத்திரசிகிச்சையும் வேண்டாம். நீர்ப்பகுதி கொண்ட கட்டி என்று நினைத்து இத்தகைய விதைகளை அகற்றிய காலமும் இருந்தது. குழாய்களுக்கு நடுவே திண்மையான பகுதியோ, அதில் இரத்த ஓட்டமோ இருந்தால் மட்டும் கதை வேறு. அதற்காகப் புரோப்பைச் செங்கோணமாகத் திருப்பி இன்னொரு தளத்திலும் பாருங்கள், வட்டமாகத் தெரிந்தவை நீளக் குழாய்களாக மாற வேண்டும்.

விதைக்குள் காணப்படும் தீங்கற்ற இன்னொன்றையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். வெங்காயத்தை வெட்டியது போல் கருமையும் வெண்மையும் மாறிமாறி அடுக்கடுக்காகத் தெரிந்து, உள்ளே ஓட்டமே இல்லாத உருண்டை எபிடெர்மொயிட் நீர்க்கட்டியாக இருக்கலாம். அதை அடையாளம் கண்டால் விதை முழுவதையும் அகற்றாமல் கட்டியை மட்டும் எடுக்க வாய்ப்புண்டு. ஆனால் இதுவும் நிபுணரின் கண்ணுக்குப் போக வேண்டிய படம்.

இளைஞரின் வெண்புள்ளிகள் மைக்ரோலித்தியாசிஸ், அதாவது நுண்ணிய சுண்ணப் படிவுகள். ஒரே படத்தில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் இருந்தால் அந்தப் பெயரை இடலாம். புள்ளிகள் மட்டும் இருந்து வேறு ஆபத்துக் காரணிகள் இல்லையென்றால் தொடர் ஸ்கேன் தேவையில்லை என்பதே ஐரோப்பியச் சிறுநீர்-இனப்பெருக்கக் கதிரியக்கச் சங்கம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலின் நிலைப்பாடு. புற்றுநோய் என்ற சொல்லைக் காதில் போட்டு ஓர் இளைஞரைக் கலங்கவைப்பதற்கு இந்தப் புள்ளிகள் போதுமான காரணமல்ல. ஆனால் உங்கள் நோயாளர் அந்த வகையினர் அல்லர். முன்பு விதைப் புற்றுநோய் வந்திருத்தல், தகப்பனுக்கோ சகோதரனுக்கோ அது இருத்தல், இறங்காத விதை அல்லது அதற்கான சத்திரசிகிச்சை, 12 மில்லிலீற்றருக்குக் குறைந்த சுருங்கிய விதை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே, 55 வயதுவரை வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்யும்படி அதே வழிகாட்டல் சொல்கிறது. அவருடைய இடது விதை அந்த அளவுக்குக் கீழே இருப்பதால் அவருக்கு அது பொருந்தும். 0.71 ஆல் கணக்கிட்டீர்களா, இயந்திரம் தந்த எண்ணையே எழுதினீர்களா என்று சொல்லுங்கள்; எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணுக்கு அந்த வித்தியாசமே முடிவை மாற்றிவிடும்.

அவருடைய வெரிகோசீலைப் பொறுத்தவரை, ஸ்கேனைவிட விந்துப் பரிசோதனையே முதலில் வேண்டும். கைக்கும் தட்டுப்படும் வெரிகோசீலும் குறைந்த விந்துத் தரமும் சேர்ந்திருந்தால்தான் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். ஸ்கேனில் மட்டும் தெரிவதைப் பொதுவாகத் தொடுவதில்லை. மனைவியை மட்டும் கிளினிக் கிளினிக்காக அலையவிட்டுவிட்டு, கணவருக்கு இந்த எளிய பரிசோதனையைக் கடைசியாகச் செய்யும் வழக்கத்தை நீங்களாவது மாற்றுங்கள்.

மறுமொழி 6: பனிமலை

இயந்திரம் தந்த எண்ணையே எழுதியிருந்தேன். 0.71 ஆல் கணக்கிட்டால் 14 ஐத் தாண்டுகிறது. அவருக்கு விதை இறங்காத வரலாறும் இல்லை, குடும்பத்திலும் எவருக்கும் இல்லை.

மறுமொழி 7: கதிர்நிலா

அப்படியானால் வருடாந்த ஸ்கேன் வேண்டாம். தன் விதைகளைக் குளிக்கும்போது தானே தடவிப் பார்த்துக்கொள்ளவும், கடினமான எதுவும் தட்டுப்பட்டால் உடனே வரவும் சொல்லி, விந்துப் பரிசோதனை முடிவோடு சிறுநீரகச் சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு அனுப்புங்கள். எந்தச் சூத்திரத்தால் கனவளவு கணக்கிடப்பட்டது என்பதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

மறுமொழி 8: ஊவாக்காரன்

கட்டி என்று சந்தேகித்து அனுப்பும் எவருக்கும் இரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன். விதைப்பை வழியாக ஊசியேற்றி மாதிரி எடுக்கவோ, அதைச் சூழ்ந்த நீரை வெளிநோயாளர் பிரிவில் உறிஞ்சவோ வேண்டாம். விதையின் நிணநீர் பெருநாடியைச் சூழ்ந்த கணுக்களுக்குச் செல்கிறது; விதைப்பைத் தோலின் நிணநீரோ கவட்டுக்குச் செல்கிறது. ஊசி அந்த இரண்டாவது பாதையையும் கட்டிக்குத் திறந்துவிடும். அதனால்தான் நாங்கள் விதையை எப்போதும் கவட்டு வழியாகவே அகற்றுகிறோம். ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் ஆகிய புற்றுநோய்க் குறிகாட்டிகளுக்கான இரத்தம் சத்திரசிகிச்சைக்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். உங்கள் ஆய்வுகூடத்தில் வசதி இல்லாவிட்டால், இன்னும் எடுக்கப்படவில்லை என்று கடிதத்தில் எழுதிவிடுங்கள், இங்கே எடுத்துக்கொள்வோம். கண்டியிலோ மஹரகமவிலோ தொடர்சிகிச்சை பெற வேண்டிவரும் என்பதை நோயாளரிடம் மறைக்க வேண்டாம். ஆரம்பத்தில் பிடிபட்டால் மிகப் பெரும்பாலானோர் முற்றாகக் குணமடையும் புற்றுநோய் இது என்பதையும் அதே மூச்சில் சொல்லி அனுப்புங்கள்.